பூஜ்யம் வந்தால் உடனே நம்பாதீர்கள்: பள்ளிப் பிள்ளைகளின் உடல் இயக்கத்தை அளக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஆய்வேட்டுக்காகப் பள்ளிக்குள் நுழையும் செவிலியர், பிசியோதெரபி, உடற்கல்வி, பொதுச் சுகாதார மாணவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். கருவி கையில் கிடைத்ததும் களத்தில் இறங்கிவிடுகிறார்கள். எதற்காக அளந்தோம் என்ற யோசனை எண்கள் வந்து சேர்ந்த பிறகுதான் வருகிறது. வேலூர் மாவட்டத்தின் காட்பாடி, குடியாத்தம், அணைக்கட்டுப் பக்கத்துப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு அசைவை அளக்கும் கருவி கோத்த பெல்ட்டைக் கட்டி, தொலைத்து, தேடி எடுத்த பழக்கத்தில் இந்த வரிசையை எழுதுகிறேன். வரிசையை மாற்றினால் ஒரே வேலையை இரண்டு முறை செய்ய நேரிடும்.

1. கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

"பிள்ளைகளின் உடல் இயக்கத்தை அளப்பது" என்பது கேள்வி ஆகாது. "எட்டாம் வகுப்புப் பிள்ளைகளில் எத்தனை பேர் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவை எட்டுகிறார்கள்?" என்பது கேள்வி. "பி.டி. பீரியடில் எவ்வளவு நேரம் உண்மையில் ஓடுகிறார்கள்?" என்பது வேறு கேள்வி. "ஓடியாடும் பிள்ளைகள் யார், உட்கார்ந்தே இருப்பவர்கள் யார்?" என்பது மூன்றாவது.

மூன்றுக்கும் மூன்று கருவி வேண்டும். முதலாவதற்கு நிமிடக் கணக்கும் வேகமும் தெரிய வேண்டும். இரண்டாவதற்கு மைதானத்தில் நின்று கண்ணால் பார்க்க வேண்டும். மூன்றாவதற்கு ஒரு நல்ல வினாப்படிவமே போதும். லட்சக்கணக்கில் செலவழித்துக் கருவி வாங்கத் தேவையில்லை.

அளவுகோலையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். 2020இல் வெளியான உலக சுகாதார நிறுவன வழிகாட்டுதலின்படி, 5 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளுக்கு வாரம் முழுவதும் சேர்த்துச் சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிட இயக்கம் வேண்டும். அது மிதமானது முதல் கடுமையானது வரை இருக்க வேண்டும். 2010 வழிகாட்டுதலில் 'ஒவ்வொரு நாளும் குறைந்தது 60 நிமிடம்' என்று இருந்தது. 'சராசரி' என்ற அந்த ஒரு சொல்லால் முடிவே தலைகீழாக மாறும். எப்படி என்பதை 11ஆம் பகுதியில் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

2. கேள்விக்கு ஏற்ற கருவியைத் தேர்ந்தெடுங்கள்

வினாப்படிவம் மலிவானது, ஒரே பீரியடில் ஒரு வகுப்பையே முடித்துவிடலாம். ஆனால் ஏறத்தாழ 9, 10 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குப் போன வாரம் என்ன செய்தோம் என்பது சரியாக நினைவில் நிற்காது. அந்த வயதில் அவர்களிடம் கேட்டு எழுதும் எண்ணை நம்ப வேண்டாம்.

பெடோமீட்டர் காலடிகளை மட்டும் எண்ணும். வேகம் தெரியாது. நாளுக்கு ஏறத்தாழ 12,000 அடி என்பதை 60 நிமிடத்துக்கு ஈடாகச் சொல்வதுண்டு. அதை ஒரு குத்துமதிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எண் திரையில் தெரியும் கருவியாக இருந்தால் ஒட்டுநாடா ஒட்டி மூடிவிடுங்கள். மூடாவிட்டால் வகுப்பில் பந்தயமே நடக்கும். கையில் பிடித்து உலுக்கியே ஆயிரம் சேர்த்துவிடுவார்கள்.

ஆக்சிலரோமீட்டர், அதாவது முடுக்கமானி, எப்போது, எவ்வளவு வேகமாக அசைந்தார்கள் என்பதையும் பதிவு செய்யும். நிமிடக் கணக்கு கேட்கும் கேள்விக்கு இதுதான் வழி. இடுப்பில் கட்டும் கருவிக்குக் குருட்டுப் புள்ளிகளும் உண்டு. சைக்கிள் மிதிப்பது, குடத்தைச் சுமப்பது, கிணற்று நீச்சல் மூன்றும் அதில் குறைத்தே பதிவாகும், அல்லது பதிவாகவே ஆகாது. அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் 11ஆம் வகுப்புக்கு விலையில்லா மிதிவண்டி தரப்படுகிறது. அந்த வகுப்பை அளக்கும்போது சைக்கிள் நேரத்தைத் தனித்தாளில் எழுத வைக்காவிட்டால், தினமும் மிதித்து வரும் பிள்ளை சோம்பேறியாகக் கணக்கில் ஏறும்.

கண்ணால் பார்த்துக் குறிக்கும் முறையில் 10 விநாடி பார்ப்பது, அடுத்த 10 விநாடியில் எழுதுவது என்று மாறி மாறிச் செய்வார்கள். படுத்திருப்பது 1, உட்கார்ந்திருப்பது 2, நிற்பது 3, நடப்பது 4, அதற்கு மேல் போனால் 5. இரண்டு பேர் தனித்தனியே குறித்து, பத்தில் எட்டுக் குறிப்பாவது ஒத்துப்போகும் வரை பயிற்சி எடுத்த பிறகே உண்மையான பீரியடுக்குப் போங்கள். நேர அட்டவணையில் பி.டி. பீரியட் இருப்பதை வைத்து அது நடந்ததாக எழுதிவிடாதீர்கள். பாதி நாட்கள் அதைக் கணக்கு ஆசிரியர் வாங்கிக்கொண்டிருப்பார்.

கடையில் விற்கும் கைப்பட்டை வேண்டாம். நிறுவனம் உள்ளே இருக்கும் கணக்கு முறையை எப்போது மாற்றுகிறது என்பது நமக்குத் தெரியாது. ஜூலையில் எடுத்த எண்ணையும் பிப்ரவரியில் எடுத்த எண்ணையும் ஒப்பிட முடியாமல் போகும்.

3. தேதி குறிக்கும் முன் காலண்டரைப் பாருங்கள்

ஜூன் மாதம் சேர்க்கை, பாடநூல் வழங்கல் என்று பள்ளி கலைந்துகிடக்கும். செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு. அக்டோபர் தொடங்கி வடகிழக்குப் பருவமழை, தீபாவளி. மழை விடுமுறை என்றைக்கு வரும் என்று மாவட்ட ஆட்சியர் அறிவிக்கும்வரை யாருக்கும் தெரியாது. டிசம்பரில் அரையாண்டு, ஜனவரி நடுவில் பொங்கல். ஏப்ரல், மே மாதங்களில் வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். அந்த வெயிலில் மைதானம் காலியாக இருப்பதை வைத்துப் பிள்ளைகள் விளையாடுவதில்லை என்று எழுதினால் அது அநியாயம்.

மிஞ்சுவது ஜூலை, ஆகஸ்டும், ஜனவரிக் கடைசி முதல் பிப்ரவரி வரையும்தான். அதிலும் ஆடிக் கிருத்திகை வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். காவடியோடு வள்ளிமலைப் படிகளை ஏறி இறங்கிய பிள்ளையின் அன்றைய கணக்கு அந்த ஆண்டின் மற்ற எந்த நாளையும் போல இருக்காது.

சனிக்கிழமை வேலைநாளா என்று பள்ளி நாட்காட்டியில் பாருங்கள். சிறுபான்மையினர் நடத்தும் சில பள்ளிகளில் வெள்ளிக்கிழமை அட்டவணையும், நோன்பு மாத நேரமும் மாறும். அதனால் நாளைக் கிழமைப் பெயரால் பிரிக்காமல், 'பள்ளி நாள்', 'விடுமுறை நாள்' என்று பிரித்துக் குறித்துவையுங்கள்.

4. அனுமதிகளின் வரிசை

முதலில் உங்கள் கல்லூரியின் நெறிமுறைக் குழு. பிறகு முதன்மைக் கல்வி அலுவலர். பிறகு தலைமை ஆசிரியர். தனியார் பள்ளியென்றால் தாளாளர். கடைசியில் பெற்றோர், பிள்ளை. மேலே உள்ள கடிதம் இல்லாமல் கீழே போனால் எல்லோரும் உங்களை அன்போடு திருப்பி அனுப்புவார்கள்.

தலைமை ஆசிரியர் சரி என்று சொன்னால் பெற்றோர் சரி என்று சொன்னதாக ஆகாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகளின்படி, பெற்றோரின் ஒப்புதலோடு 7 முதல் 12 வயது வரையிலான பிள்ளையின் வாய்மொழிச் சம்மதமும், அதற்கு மேல் 18 வரை எழுத்துச் சம்மதமும் வேண்டும். மறுக்கும் பிள்ளையை ஆசிரியர் அதட்டிச் சம்மதிக்க வைத்தால் அந்தப் பெயரை நீங்களே நீக்கிவிடுங்கள். அது நெறி என்பதோடு, அப்படிச் சேர்ந்த பிள்ளை மறுநாள் பெல்ட்டைக் கட்டவும் போவதில்லை.

பெற்றோரின் முதல் கேள்வி எங்கே போனாலும் ஒன்றுதான்: "இதில் கேமரா இருக்கிறதா?" பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குக் கருவியைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். படம் பிடிக்காது, குரல் பதியாது, இருக்கும் இடத்தைக் காட்டாது என்று சொல்லி, கையில் கொடுத்துப் பார்க்க விடுங்கள். உங்கள் கருவியின் மாதிரியில் இவை மூன்றும் உண்மைதானா என்று முன்கூட்டியே சரிபார்த்துவிட்டுப் பேசுங்கள்.

5. வினாப்படிவத்திலிருந்து 'உடற்பயிற்சி'யை எடுத்துவிடுங்கள்

புதியவர்கள் செய்யும் தவறுகளில் எனக்கு மிகவும் எரிச்சல் தருவது இதுதான். ஆங்கிலப் படிவத்தை மொழிபெயர்க்கும்போது 'உடற்பயிற்சி' என்று போட்டுவிடுகிறார்கள். நம் பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி என்றால் வரிசையில் நின்று கையைத் தூக்கி இறக்குவது. இரண்டு மணிநேரம் கபடி ஆடிவிட்டு வந்த பையன், "உடற்பயிற்சி செய்வதில்லை" என்று நேர்மையாக எழுதுவான். "மூச்சு வாங்கும்படி, வியர்க்கும்படி ஓடியாடியது, வேலை செய்தது" என்று கேளுங்கள்.

8 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கு உலகெங்கும் பயன்படும் ஏழு நாள் வினாப்படிவம் ஒன்று உண்டு, கனடாவில் உருவானது. ஒன்பது கேள்விகளுக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண், சராசரி எடுக்க வேண்டும். அதன் விளையாட்டுப் பட்டியலில் ஐஸ் ஹாக்கியும் பனிச்சறுக்கும் இருக்கும். அதை அப்படியே அச்சடித்துப் பள்ளியில் கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவற்றை எடுத்துவிட்டு கபடி, கோ-கோ, பாண்டி, ஐஸ் பாய், கில்லி, ஸ்கிப்பிங், கிரிக்கெட், சைக்கிள் ஆகியவற்றைச் சேருங்கள். தண்ணீர் தூக்குவது, தம்பி தங்கையை இடுப்பில் சுமப்பது, கடைக்கு நடப்பது போன்ற வேலைகளுக்குத் தனி வரி கொடுங்கள். கொடுக்காவிட்டால் பெண் பிள்ளைகளின் மாலை நேரம் முழுவதும் கணக்கில் வராது.

இந்தப் படிவம் தரும் மதிப்பெண் நிமிடங்களாக மாறாது. 3.2 என்று வந்த பிள்ளை 60 நிமிடத்தை எட்டியதா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. அந்தக் கேள்வி உங்களுக்கு இருந்தால் 2ஆம் பகுதிக்குத் திரும்பிப் போங்கள்.

"கடந்த ஏழு நாட்கள்" என்றால் பிள்ளைகள் திங்கட்கிழமையிலிருந்து எண்ணுவார்கள். "போன செவ்வாய்க்கிழமையிலிருந்து நேற்று வரை" என்று கரும்பலகையில் எழுதிப் போடுங்கள். படிவம் நிரப்பும்போது பி.டி. ஆசிரியர் அறையில் இருக்கக் கூடாது; அவர் இருந்தால் எல்லோரும் வீரர்களாகிவிடுவார்கள். பேரணாம்பட்டு, வாணியம்பாடிப் பக்கம் உருதுவும், ஆந்திர எல்லையோரம் தெலுங்கும் வீட்டு மொழி. அங்கே ஒரு பெரியவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாய்மொழியாகக் கேட்பது நல்லது.

6. கருவியைத் தயார் செய்யுங்கள்

முந்தைய இரவே முழு சார்ஜ். லேப்டாப் கடிகாரம் இந்திய நேரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். கருவி அந்தக் கடிகாரத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். ஐந்தரை மணிநேரம் பிசகினால் காலை இறைவணக்கம் விடிகாலையில் நடந்ததாகப் பதிவாகும்.

கருவியின் வரிசை எண்ணையும் பிள்ளைக்கு நீங்கள் கொடுக்கும் ஆய்வு எண்ணையும் ஒரு நோட்டில் கையால் எழுதுங்கள். பள்ளியின் எமிஸ் எண்ணை, அதாவது கல்வித் துறைப் பதிவேட்டில் பிள்ளைக்கு உள்ள எண்ணை, ஆய்வு எண்ணாகப் பயன்படுத்தாதீர்கள். அதை வைத்து யார் வேண்டுமானாலும் பிள்ளையைக் கண்டுபிடித்துவிடலாம்.

இடுப்பா, மணிக்கட்டா என்பதை இங்கே முடிவு செய்யுங்கள், நடுவில் மாற்றாதீர்கள். மணிக்கட்டில் கட்டினால் கழற்றாமல் இருப்பார்கள், ஆனால் அசைவை இலேசானது, மிதமானது, கடுமையானது என்று பிரிக்க இடுப்புக்கென வகுத்த எல்லை எண்கள் அதற்குச் செல்லாது.

7. ஒரே ஒரு வகுப்பில் ஒரு வாரம் ஒத்திகை

ஒரு நாள் ஒத்திகை போதாது. மூன்றாம் நாள்தான் பெல்ட் அரிக்கத் தொடங்கும், ஐந்தாம் நாள்தான் மறதி வரும்.

8. கட்டும் நாள்

உயரம், எடையை முதலில் எடுங்கள். செருப்பு, ஷூ இல்லாமல். உச்சியில் தூக்கிக் கட்டிய ரிப்பன், பூ இருந்தால் உயரமானியின் பலகை தலையைத் தொடாது. பெண் ஆசிரியரை வைத்துச் சற்றுத் தளர்த்தச் சொல்லுங்கள்.

வலப்பக்க இடுப்பெலும்புக்கு மேலே, அக்குளிலிருந்து நேர்கீழே கருவி வர வேண்டும். "அரைஞாண் கயிறு இருக்கும் இடத்தில்" என்று சொன்னால் பிள்ளைக்கும் அம்மாவுக்கும் உடனே புரியும். பெல்ட் தளர்ந்து தொங்கினால் கருவி ஆடும், பொய்யாக எண்ணும். ஒரு விரல் நுழையும் அளவுக்கு இறுக்கம் போதும். பெண் பிள்ளைகளுக்குப் பெண் களப்பணியாளரே கட்ட வேண்டும், தனி அறையில்.

செவ்வாய்க்கிழமை கட்டுங்கள். திங்களன்று வராதவர்கள் அதிகம். புதன் முதல் அடுத்த செவ்வாய் வரை ஏழு முழு நாட்கள், அடுத்த புதன் திரும்பப் பெறுதல். அன்று வராத பிள்ளையை வியாழன், வெள்ளியில் தேடிப் பிடிக்கலாம். வெள்ளியில் பெறத் திட்டமிட்டால் இரண்டு நாள் கருவி எங்கே என்றே தெரியாது. கட்டிய செவ்வாய்க்கிழமையைக் கணக்கில் சேர்க்காதீர்கள். புதுப் பொருள் கிடைத்த உற்சாகத்தில் அன்று எல்லோரும் ஓடுவார்கள்.

9. அந்த ஏழு நாட்கள்

இந்தப் பகுதிக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஒரு மாணவியின் வரைபடம். பள்ளி நாட்கள் எல்லாவற்றிலும் காலை ஆறு மணியிலிருந்து எட்டேகால் வரை நேர்கோடு, எல்லாம் பூஜ்யம். எட்டேகாலுக்கு மேல் அசைவு தொடங்குகிறது. புதிதாகச் சேர்ந்த உதவியாளர் 'காலையில் அசைவற்று இருந்தாள்' என்று குறித்துவிட்டார். வீட்டுக்குப் போய்க் கேட்டோம். குளிக்கும் முன் பெல்ட்டைக் கழற்றிச் சுவரில் ஆணியில் மாட்டுகிறாள். அம்மா மறக்காமல் இருக்கட்டும் என்று அதைப் பள்ளிப் பையில் வைத்துவிடுகிறார். பள்ளிக்கு நடக்கும் வழியில்தான் ஞாபகம் வந்து கட்டிக்கொள்கிறாள். நடுவில் உள்ள நேரத்தில் தெருக்குழாயிலிருந்து எட்டுக் குடம் தண்ணீர். அன்றைக்கு அவள் உடம்பு அதிகம் உழைத்த நேரமே அதுதான். பெல்ட் மட்டும் ஆணியில் தொங்கியது.

பூஜ்யத்துக்கு இரண்டு பொருள்: அசையாமல் இருந்தது ஒன்று, கட்டவே இல்லை என்பது மற்றொன்று. கருவிக்கு இந்த வேறுபாடு தெரியாது. தொலைந்துபோகும் நேரம் பெரும்பாலும் குளியலுக்கு முன்னும் பின்னும், விளையாடப் போகும்போதும்தான் வருகிறது. அதாவது ஓடியாடும் நேரமே அதிகம் தொலைகிறது.

அதனால் ஒரு பக்கக் குறிப்புத் தாள் கொடுங்கள். கட்டிய நேரம், கழற்றிய நேரம், ஏன் கழற்றினாய், சைக்கிள் எவ்வளவு நேரம், வேறு யாராவது கட்டிக்கொண்டார்களா. கடைசிக் கேள்வியைக் கேலி என்று நினைக்க வேண்டாம். தம்பிகள் கேட்டு அழுவார்கள். குளிக்கப் போகும்போது பெல்ட்டைப் பள்ளி அடையாள அட்டையோடு சேர்த்து மாட்டச் சொல்லுங்கள். அட்டையை எடுக்காமல் எந்தப் பிள்ளையும் வாசலைத் தாண்டாது. காலை இறைவணக்கம் முடிந்ததும் வகுப்புத் தலைவர் "பெல்ட்?" என்று ஒருமுறை கேட்டால் போதும், தினமும் நாம் போய் நின்றால் பிள்ளைகளின் நடத்தையே மாறிவிடும்.

10. திரும்பப் பெறும்போது

கருவியை வாங்கிய அங்கேயே தாளைப் படியுங்கள். வெற்றுக் கட்டம் இருந்தால் பிள்ளையின் எதிரிலேயே கேட்டு நிரப்புங்கள். மறுநாள் கேட்டால் நினைவு இருக்காது. தொலைத்த பிள்ளையைத் திட்டக் கூடாது என்று ஆசிரியரிடம் முன்பே சொல்லிவையுங்கள். திட்டுக்குப் பயந்தால் அடுத்த முறை உண்மையை மறைப்பார்கள்.

11. எண்களைக் கணக்கிடும் வரிசை

முதலில் கட்டாத நேரத்தை நீக்குங்கள். தொடர்ந்து 20 நிமிடம் பூஜ்யம் என்றால் கட்டவில்லை என்று சிலர் வைக்கிறார்கள். 60 நிமிடம் என்று சிலர். எதை எடுத்தாலும் எண்களைப் பார்க்கும் முன் முடிவு செய்து, குறிப்புத் தாளோடு ஒத்துப்பாருங்கள்.

இரண்டாவது, நாள் தேறுமா என்று பாருங்கள். விழித்திருக்கும் நேரத்தில் 10 மணிநேரமாவது கட்டியிருந்தால் அது நாள். அப்படி 4 நாள், அதில் ஒன்றாவது விடுமுறை நாள் இருந்தால் பிள்ளை கணக்கில் சேரும். இது பரவலாகப் பின்பற்றும் விதி.

மூன்றாவது, கணக்கிடும் இடைவெளி. பிள்ளைகள் பெரியவர்களைப் போலத் தொடர்ந்து நடப்பவர்கள் அல்லர். விநாடிகளில் பாய்ந்து விநாடிகளில் நிற்பவர்கள். கபடியில் ஒருமுறை பாடிச் சென்று வருவது (ரெய்டு) 30 விநாடிதான். ஒரு நிமிடத்தின் நான்கு 15 விநாடித் துண்டுகளில் 1400, 1100, 10, 20 என்று கவுண்ட் (கருவி பதியும் அசைவு எண்) வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். இடுப்பில் கட்டிய ஆக்டிகிராஃப் என்ற நிறுவன முடுக்கமானிக்குப் பிள்ளைகளில் அதிகம் பயன்படும், ஈவன்சன் என்ற ஆய்வாளர் பெயரிலான எல்லைகளின்படி, 15 விநாடிக்கு 25 வரை அசைவின்மை, 573 வரை இலேசானது, 1002 வரை மிதமானது, அதற்கு மேல் கடுமையானது. ஆக 30 விநாடி கடும் இயக்கம், 30 விநாடி அசைவின்மை. இதையே ஒரு நிமிடமாகச் சேர்த்தால் மொத்தம் 2530. நிமிட எல்லை 2296 முதல் 4011 வரை மிதமானது என்பதால் முழு நிமிடமும் 'மிதமானது' என்று வந்துவிடும். பாய்ந்ததும் மறைந்தது, நின்றதும் மறைந்தது. 15 விநாடிக்கு மேல் போகாதீர்கள். இந்த எல்லை எண்களை வேறு நிறுவனக் கருவிக்கோ மணிக்கட்டுக்கோ ஒட்டாதீர்கள்.

நான்காவது, வாரச் சராசரி. ஒரு பையனுக்குப் பள்ளி நாளில் 45 நிமிடம், விடுமுறை நாளில் 100 நிமிடம். மூன்று பள்ளி நாளும் ஒரு விடுமுறை நாளும்தான் தேறின. நேரே சராசரி எடுத்தால் 58.75, தோல்வி. ஐந்து பள்ளி நாள், இரண்டு விடுமுறை நாள் என்ற எடையோடு எடுத்தால் 60.7, தேர்ச்சி. 'ஒவ்வொரு நாளும் 60' என்ற பழைய அளவுகோலில் பார்த்தால் மறுபடி தோல்வி. பிள்ளை ஒன்றுதான், எண்களும் அவைதான். எந்த வழியில் கணக்கிட்டீர்கள் என்று எழுதாத ஆய்வேட்டை நான் பாதியில் மூடிவிடுவேன்.

12. எழுதும்போது விடக் கூடாதவை

கருவியின் மாதிரி, கட்டிய இடம், இடைவெளி, எல்லை எண்கள், கட்டாத நேர விதி, எத்தனை பேருக்குக் கட்டி எத்தனை பேர் தேறினார்கள், எந்த மாதம். தேறாதவர்களில் பெண்கள் எத்தனை, ஆண்கள் எத்தனை என்பதையும் போடுங்கள். தேறாமல் போனவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிப் பிள்ளைகளாக இருந்தால் உங்கள் சராசரி மற்றவர்களைப் பற்றியது மட்டுமே.

பள்ளிக்கு ஒரு பக்கத் தாள் கொடுங்கள், வகுப்பு அளவிலான எண்களோடு மட்டும். பிள்ளைவாரியாகக் கொடுத்தால் அடுத்த பெற்றோர் கூட்டத்தில் அது மதிப்பெண் பட்டியலாகிவிடும்.

13. பெல்ட்டைத் துவையுங்கள்

ஒரு வாரம் வியர்வை, தேங்காய் எண்ணெய், மஞ்சள் எல்லாம் ஏறியிருக்கும். கருவியைக் கழற்றி எடுத்துவிட்டு, சோப்பில் ஊறவைத்து, நிழலில் உலர்த்துங்கள். வேலூர் வெயிலில் போட்டால் எலாஸ்டிக் இரண்டே மாதத்தில் தொய்ந்துவிடும். நாற்றமடிக்கும் பெல்ட்டை அடுத்த பள்ளியில் எந்தப் பிள்ளையும் கட்டிக்கொள்ளாது. ஒரு கருவிக்கு இரண்டு பெல்ட் வாங்கி வைத்துக்கொண்டால், ஒன்று கொடியில் காயும்போது மற்றொன்று களத்துக்குப் போகும்.